பழைய தேக்கில் செய்த சாப்பாட்டு மேசை: எந்தப் பூச்சு நீண்ட நாள் உழைக்கும்?

கேள்வி: ராயபுரம்வாசி

வணக்கம். ராயபுரத்தில் எங்கள் பாட்டனார் காலத்து வீட்டை இடித்துக் கட்டியபோது, மெட்ராஸ் டெரஸ் (செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய) கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த பர்மா தேக்குச் சட்டங்களை விற்க மனம் வராமல் எடுத்து வைத்திருந்தோம். அவற்றை அறுத்து, இழைத்து, ஒட்டி, 6 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட ஒரு சாப்பாட்டு மேசையை நானும் என் மைத்துனரும் மொட்டைமாடிக் கொட்டகையிலேயே செய்து முடித்திருக்கிறோம். கால்களுக்கு அதே வீட்டின் வாசல் நிலையைப் பயன்படுத்தினோம். அதில் பழைய பச்சை வண்ணம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மேசையின் மேல் என்ன பூசுவது என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. தெரிந்த பாலிஷ்காரர் மெலமைன் போடச் சொல்கிறார், வண்ணக்கடையில் பி.யூ. (பாலியூரிதேன்) என்கிறார்கள், நண்பர் ஒருவர் எண்ணெய் தவிர வேறு எதையும் தேக்கின் மேல் பூசக் கூடாது என்கிறார். மூவரும் தாங்கள் சொல்வதுதான் நீண்ட நாள் உழைக்கும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் தினமும் சாம்பார், மீன் குழம்பு, ரசம் எல்லாம் எவர்சில்வர் பாத்திரத்தோடு மேசைக்கு வரும். ஒவ்வொரு வேளையும் ஈரத்துணியால் துடைப்போம். மாலையில் பிள்ளைகள் அதன் மேல்தான் எழுதுவார்கள். கடற்கரைக்கு அருகில் இருப்பதால் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. என்னிடம் கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் இல்லை, கையால்தான் பூச வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பையோ கண்ணாடியையோ போட்டு அந்த மரத்தை மூடிவைக்க விருப்பமில்லை. மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: பாலிஷ் பட்டறை, பழைய வண்ணாரப்பேட்டை

வணக்கம் ஐயா. எது நீண்ட நாள் உழைக்கும் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வது இயல்பு. எதைத் தாங்கி உழைக்க வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசைக்குச் சூடு, தண்ணீர், எண்ணெயில் கலந்த மஞ்சள், புளியும் எலுமிச்சையும், பாத்திரத்தின் அடி இழுபடுவதால் விழும் கீறல் ஆகிய அனைத்தும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே அளவில் தாங்கும் பூச்சு கிடையாது. ஆகவே ஒவ்வொன்றும் எங்கே தோற்கும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதே சரி.

உங்கள் பாட்டனார் வீட்டு அலமாரிகளில் இருந்திருக்கக்கூடிய பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்த்து ஏற்றுவது. தேக்கின் அழகை அதுபோல் எடுத்துக்காட்டுவது வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அரக்கு சூட்டில் இளகும், சோப்புத் தண்ணீரில் மங்கும், ஈர டம்ளரை வைத்து மறந்தால் வெள்ளை வளையம் விழும். பூஜை அலமாரிக்கும் நிலைக்கண்ணாடிச் சட்டத்துக்கும் அது போதும். சாப்பாட்டு மேசைக்குப் போதாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் ஏறக்குறைய அப்படித்தான். சீக்கிரம் காயும், வேலை சுலபம், ஆனால் தின்னர் பட்டால் எத்தனை ஆண்டு கழித்தும் கரையும். சூட்டையும் ஈரத்தையும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

மெலமைன் என்ற பிசின் பூச்சு, ஹார்ட்னர் எனும் இறுக வைக்கும் திரவம் கலந்து அடிப்பது. ஹார்ட்னரில் உள்ள அமிலம் அதை இறுக வைக்கிறது. தண்ணீரையும் கறையையும் நன்றாகத் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். அதனால்தான் சென்னையில் பாதிக் கதவுகள் மெலமைனில் இருக்கின்றன. இருந்தாலும் அது இறுகிய பின் வளைந்துகொடுக்காது. மேசைப் பலகை மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும்போது, கனமாக ஏற்றிய மெலமைன் படலத்தில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். ஒட்டுப் பலகைக்கும் வெனீருக்கும் இந்தக் கவலை குறைவு, உங்களுடையதோ கட்டை மரம். 3 அடி அகலத் தேக்குப் பலகை நம் ஊர்ப் பருவங்களுக்கிடையில் சில மில்லிமீட்டர் அகலம் மாறுவது சாதாரணம்.

பி.யூ. என்ற ஒரே பெயரில் கடையில் பல பொருள்கள் இருக்கின்றன, குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஹார்ட்னர் தனி டப்பாவில் வரும் டூ-பேக் பி.யூ. என்பது மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் முன்னிற்பது. கடினமும் உண்டு, ஓரளவு வளைந்துகொடுக்கும் தன்மையும் உண்டு. ஆனால் அதை முறையாக அடிக்க ஸ்பிரேயும் தூசி இல்லாத அறையும் வேண்டும். கலந்த சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஹார்ட்னர் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து படலத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கும். ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும் தெருவில், மாடியில் நின்று இதை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டறைக்கு எடுத்துப்போய் அடித்து வாங்க வசதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

கையால் பூசும் உங்களுக்கு நான் சொல்வது, டர்பன்டைனில் கரையும், தனி ஹார்ட்னர் இல்லாமல் ஒரே டப்பாவில் வரும் ஒன்-பேக் பி.யூ. வார்னிஷ். எண்ணெய் அடிப்படையிலான இந்த வார்னிஷ் காற்றில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுவது. தூரிகையாலும் பூசலாம், நீர்க்கக் கரைத்துப் பஞ்சு உதிராத பருத்தித் துணியால் மெல்லிய பூச்சுகளாகவும் ஏற்றலாம். மெல்லிய பூச்சில் தூரிகைக் கோடும் வழிசலும் வராது, தூசி ஒட்டும் நேரமும் குறைவு. டூ-பேக் அளவுக்குக் கடினம் வராவிட்டாலும், குடும்பம் புழங்கும் மேசைக்கு இது போதுமானது. தேக்குக்கு ஒரு தேன் நிறத்தையும் கொடுக்கும். தண்ணீரில் கரையும் பி.யூ.வும் உண்டு, வாடை குறைவு, மரத்தின் நிறம் மாறாது. அதிலும் ஒன்-பேக் வகையை எண்ணெய் மஞ்சளுக்கு எதிராக நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பூச்சைவிட முக்கியமானது உங்கள் மரத்தின் பக்குவம். கூரைச் சட்டங்களின் மேல் பல்லாண்டுகள் சுண்ணாம்புச் சாந்து உட்கார்ந்திருக்கும். இழைத்த பிறகும் ஆணித் துளைகளிலும் வெடிப்புகளிலும் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தால் ஊசிமுனையால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பின் காரம் மேலே வரும் பூச்சைக் கெடுக்கும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிய கருநீலக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்து உண்டானது. ஆக்சாலிக் அமிலக் கரைசலால் அதை வெளுக்க வைக்கலாம், ஆனால் பிறகு நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் கறையை விட்டுவிடுவேன், அந்த மரத்தின் வயதுக்கு அதுவே சாட்சி.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. கறையான் அண்டாமல் காப்பது அதுதான். வார்னிஷ் காயாமல் பிசுபிசுக்கச் செய்வதும் அதுதான். எனவே 80, 120, 180 என்று படிப்படியாக உப்புத்தாள் போட்டு முடித்ததும், தின்னரில் நனைத்த துணியால் பலகை முழுவதையும் துடைத்துவிட்டு, அன்றைக்கே முதல் பூச்சைக் கொடுத்துவிடுங்கள். நாள் கடத்தினால் எண்ணெய் மறுபடியும் மேலே வந்துவிடும்.


பதில்: வேதியியல் ஆசிரியை, பெரம்பூர்

மேலே உள்ள பதில் மிகவும் தெளிவாக இருக்கிறது. அதைப் படிக்கும் முன்பே ராயபுரம்வாசி ஒரு விஷயத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து அந்தப் பச்சை வண்ணத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் வண்ணங்களில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் நிறையவே கலக்கப்பட்டன. தேய்க்கும்போது எழும் தூள் மூச்சிலும் தரையிலும் படிந்து பிள்ளைகளின் கைகள் வழியாக வாய்க்குப் போகும். வளரும் குழந்தைகளின் மூளையை ஈயம் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

வண்ணத்தை எடுக்க வேண்டுமென்றால், பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, செதில்களைச் செய்தித்தாளில் சேகரித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தீயால் வாட்டி எடுக்கும் பழைய முறை வேண்டாம், ஈயப்புகை வரும். பிள்ளைகளை அன்று மாடிக்கு ஏற விடாதீர்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

டூ-பேக் பி.யூ.வின் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரே செய்யும்போது அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாக்கும். கைக்குட்டை கட்டுவதும் சாதாரணத் தூசிமுகமூடி போடுவதும் இதற்கு எந்தப் பாதுகாப்பும் அல்ல. மெலமைனில் இறுகும்போதும் அதன் பிறகு சில வாரங்களும் ஃபார்மால்டிஹைடு வெளியேறும், கண் எரிவது அதனால்தான். நன்றாக இறுகி, வாடை முழுவதும் போன பின் இந்தப் பூச்சுகளின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைப்பதில் அச்சமில்லை. சிக்கல் எல்லாம் இறுகும் காலத்தில்தான்.

மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் மேசையின் முதல் எதிரி அதுதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் நன்றாகக் கரையும். ஆகவே மிளகுரசம் சிந்துவதைவிட, எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு சிந்துவதே பூச்சுக்குள் கறையை ஏற்றும். சிந்தியதும் காரமான சோப்பைப் போட்டால் குர்குமின் செம்பழுப்பாக மாறி வீடே பதறும். முதலில் உலர்ந்த துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். மிஞ்சும் மஞ்சள் வெயில் பட்டால் தானாக வெளுக்கும், குர்குமினுக்கு ஒளி ஆகாது. மேசையைச் சன்னல் ஓரமாகப் போட முடியுமானால் நல்லது.

எந்தப் பூச்சை வாங்கினாலும், மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் முதலில் பூசி, நன்றாக இறுகவிட்டு, உங்கள் வீட்டுக் குழம்பையே ஒரு கரண்டி ஊற்றி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் எலுமிச்சைச் சாறு, கொதிநீர் ஊற்றிய டம்ளர் ஆகியவற்றையும் வையுங்கள். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைவிட அந்தத் துண்டு சொல்வதை நம்பலாம்.


பதில்: படகுத் தச்சு, காசிமேடு

கடற்கரையில் இருக்கிறீர்கள் என்பதால் படகு வார்னிஷ் வாங்கச் சொல்லி யாரேனும் யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். அது வெயிலையும் மழையையும் தாங்குவதற்காக, மரத்தோடு சேர்ந்து நெகிழும்படி மென்மையாகச் செய்யப்படுவது. வெளியில் எத்தனை உறுதியோ, மேசையின் மேல் அத்தனை பலவீனம். சூடான தட்டை வைத்து எடுத்தால் அதன் வட்டம் பதிந்துவிடும். மரப்படகுகளுக்கு முன்பெல்லாம் மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் பூசுவோம். அந்த ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், ஆகவே சாப்பிடும் இடத்துக்கு அது அறவே ஆகாது. இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டதால் அந்த வேலையே குறைந்துவிட்டது.


பதில்: மரவேலை ஆர்வலர், கொளத்தூர்

எல்லோரும் எண்ணெயை ஒதுக்கிவிட்டீர்கள், அதற்காகவே எழுதுகிறேன். உழைப்பது என்றால் கெடாமல் இருப்பது என்று மட்டும் ஏன் பொருள் கொள்ள வேண்டும்? கெட்ட இடத்தை வீட்டுக்காரரே சரிசெய்துகொள்ள முடிந்தால் அதுவும் உழைப்புதான். பி.யூ. படலத்தில் ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் திருத்துவது கடினம். பலகை முழுவதையும் தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும். எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சில் கறை பட்ட இடத்தை மட்டும் 220ஆம் எண் தாளால் தேய்த்து, சிறிது எண்ணெய் தடவித் துடைத்தால் வேலை முடிந்தது. என் வீட்டு மேசை அப்படித்தான் இருக்கிறது, தொட்டால் மரத்தைத் தொடுவதுபோல் இருக்கும்.

எண்ணெய் என்றதும் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ எடுத்துவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய் எந்நாளும் இறுகாது. நல்லெண்ணெய் பாதி இறுகிப் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். இறுகும் எண்ணெய்களில் முக்கியமானவை ஆளிவிதை எண்ணெயும், டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயும். பச்சை ஆளிவிதை எண்ணெய் இறுக வாரக்கணக்கில் ஆகும், அதிலும் தேக்கின் மேல் இன்னும் தாமதமாகும். எனவே சீக்கிரம் இறுகச் செய்யும் உலர்த்தி சேர்த்து விற்கப்படும் வகையையோ, மெழுகு கலந்து தயாராக விற்கும் வகையையோ வாங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது இறுகும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்த பின் அப்புறப்படுத்துங்கள். எண்ணெய் கலந்த வார்னிஷ் துணிகளுக்கும் இது பொருந்தும்.


பதில்: பாலிஷ் பட்டறை, பழைய வண்ணாரப்பேட்டை

கொளத்தூர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருத்தும் வசதியை நான் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. இருவர் மட்டும் உள்ள, சிந்தியதை உடனே துடைக்கும் வீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சு மிக நல்லது. தினமும் மீன் குழம்பும் பிள்ளைகளும் உள்ள வீட்டில், பரிமாறுகிறவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மேசை துடைக்கப்படும். அந்த இடைவெளியைத் தாங்கப் படலம் வேண்டும். அதற்காகத்தான் படலமாகவும் நிற்கும், வீட்டிலேயே மறுபூச்சும் கொடுக்கக்கூடிய ஒன்-பேக் வார்னிஷைச் சொன்னேன்.


ராயபுரம்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சை வண்ணத்தை ஆசிரியை அம்மா சொன்ன முறையிலேயே எடுக்கிறேன். அதில் இத்தனை ஆபத்து இருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒன்-பேக் பி.யூ. வார்னிஷ் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. இப்போது மார்கழி, பொங்கலுக்குள் முடித்துவிட வீட்டில் விரும்புகிறார்கள், அது சரிவருமா? மேசையின் அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டுமா? பளபளப்பு வேண்டாம் என்று நினைக்கிறோம்.


பதில்: பாலிஷ் பட்டறை, பழைய வண்ணாரப்பேட்டை

பொங்கலை மறந்துவிடுங்கள் ஐயா. மார்கழிப் பனியில் விடியற்காலை மரத்தின் மேல் ஈரம் படியும், அந்த ஈரத்தின் மேல் பூசினால் படலம் பால்போல் மங்கும். போகியன்று வடசென்னையில் எழும் புகையும் கரியும் ஈர வார்னிஷின் மேல் உட்கார்ந்தால் திரும்பத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. மாசியில் தொடங்குங்கள். காலையில் வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின் பூசி, நண்பகலில் கடற்காற்று எழும் முன் முடித்துவிட்டு, கொட்டகையின் கடல் பக்கத்தை மட்டும் தார்ப்பாயால் மறைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் மூடிவிட்டால் வார்னிஷ் காயக் காற்று கிடைக்காது.

அடிப்பக்கத்துக்குக் கட்டாயம் பூச வேண்டும். மேற்பக்கம் மட்டும் அடைபட்டு, அடிப்பக்கம் திறந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளையும். அங்கே அழகு தேவையில்லை, இரண்டு மூன்று பூச்சு போதும். பலகையைச் சட்டத்தோடு இணைக்கும் திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீள்வட்டமாக்கிவிடுங்கள். பலகை நகர இடமில்லாவிட்டால் எந்தப் பூச்சாலும் வெடிப்பைத் தடுக்க முடியாது.

முதல் பூச்சில் பத்துப் பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்து மரத்துக்குள் இறங்கவிடுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஓர் இரவு காய்ந்த பின், 320ஆம் எண் தாளால் லேசாக வருடி, தூளைத் துடைத்து, அடுத்ததைக் கொடுங்கள். தாளில் வெள்ளைத் தூள் வராமல் பிசினாகச் சுருண்டால் இன்னும் காயவில்லை என்று பொருள், மறுநாள் வரை பொறுங்கள். தூரிகையால் என்றால் மேற்பக்கம் மூன்று நான்கு பூச்சு, துணியால் என்றால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். பளபளப்பு இல்லாத மேட் வகையில் கலந்திருக்கும் நுண்தூள் பல அடுக்குகளானால் ரேகையை மறைக்கும். எனவே கடைசிப் பூச்சை மட்டும் மேட்டாகவும், கீழுள்ளவற்றைப் பளபளப்பு வகையாகவும் கொடுங்கள்.

தொட்டுப் பார்க்க மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் முழுவதும் இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை சூடான பாத்திரம் வைக்காதீர்கள், விரிப்பும் போடாதீர்கள். அதன் பிறகும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிரிமணையின் மேல் வைத்துப் பழகுங்கள். மிஞ்சும் வார்னிஷைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி, உள்ளே காற்று மிஞ்சாதபடி நிரப்பி மூடிவையுங்கள். பெரிய டப்பாவில் பாதியாக விட்டால் மேலே ஆடை கட்டி வீணாகிவிடும், முதல் மறுபூச்சுக்கு அது தேவைப்படும்.